ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய் மட்டிக்குலை

செப்டம்பர் 10, புதன்கிழமை

அன்பு மகள் ஜெனிலாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகம், அம்மாவின் இடது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மஸ்கட்டில் நீயும் மருமகன் எபிசனும் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம், ஐந்து மாதமாக எபிசனுடைய சம்பளத்தையும் அந்த ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறோம். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நீ கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நீ சரிப்பா சரிப்பா என்கிறாய், மூன்றாவது வாக்கியத்தில் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது, வாசித்துவிட்டுத் தூக்கிய விரலா வாசிக்காமல் தூக்கிய விரலா என்று எனக்குத் தெரிவதில்லை. உன்னோடு ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் வேலை பார்க்கிற பிந்து வெள்ளிக்கிழமை திரும்பிப் போகிறாள். அவள் கையில் கொடுத்துவிட்டால் நீ இதை வாசித்தாயா என்று கேட்பதற்கு எனக்கு அங்கே ஒரு ஆள் இருக்கும்.

அவள் லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய கவர் கிடைத்தது. உள்ளே இருந்த வங்கிப் படிவத்தை இரண்டு முறை வாசித்தேன். நம் இருவர் பெயரிலும் இருக்கிற நாலு லட்சம் ரூபாய் வைப்பை முதிர்வுக்கு முன்னால் முடித்துப் பணத்தை எடுக்க நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய், பக்கத்தில் நான் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருக்கிறாய். நாற்பது வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்கு எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாமலா போய்விடும். தெரிந்தும் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதையும், அதைவிடப் பெரிய காரியம் ஒன்றை உங்களிடம் கேட்காமல் நான் ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம். அம்மா அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ஆகையால் அவள் போனில் உனக்கு ஒரு மாதிரி சொல்லியிருப்பாள், நடந்ததை நடந்த வரிசையில் நான் சொல்கிறேன்.

முதலில் ஊர் நிலைமை. பாசனச் சானல் பாலம் போன ஐப்பசி மழையில் இடிந்தது உனக்குத் தெரியும். இன்றைக்கும் அப்படியேதான் கிடக்கிறது. இரண்டு தென்னந்தடியைப் போட்டு அதன்மேல் பலகை அடித்து நடக்கிறோம், சைக்கிள் போகும், பைக்கைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஆட்டோ வராது. கேஸ் சிலிண்டரை அந்தக் கரையில் இறக்கி வைத்துவிட்டுத் தோளில் தூக்கி வர ஐம்பது ரூபாய் தனியாக வாங்குகிறான். அம்மா முழங்காலுக்குப் பயிற்சி எடுக்க வாரம் இரண்டு நாள் கோட்டாறுக்குப் போகவேண்டும், அந்தப் பலகையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கால் வைக்கும்போதெல்லாம் அவள் எந்த அரசியல்வாதியின் பெயரையும் விடுவதில்லை. எஸ்டிமேட் ஒன்பது லட்சம், ஊராட்சியில் பணம் இல்லை. மே மாதம் ஒரு லாரி வந்தது, பாலத்துக்குத்தான் கம்பி வருகிறது என்று ஜனங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் உயர்கோபுர மின்விளக்கு. இடிந்த பாலத்துக்குச் சரியாக அந்தப் பக்கம் நட்டிருக்கிறார்கள். நம் வார்டு உறுப்பினர் சுயம்புராஜைப் பிடித்து ஏண்டே இப்படி என்று கேட்டேன். அண்ணாச்சி, அது விளக்குக்குண்ணு வந்த பைசா, இது பாலத்துக்க பைசா, இந்தத் தலைப்பில வந்ததை அந்தத் தலைப்பில செலவு செஞ்சா ஆடிட்டில எனக்க கழுத்தைப் பிடிப்பான், இப்ப என்ன, பாலம் எங்க உடைஞ்சிருக்குண்ணாவது ராத்திரி தெளிவாத் தெரியுதுல்லா என்றான். அவனோடு சண்டை போடமுடியாது, சிரிக்கவைத்து அனுப்பிவிடுவான். ஆனால் ஒன்று சொல்கிறேன் மக்களே, ஊராட்சியை நான் எவ்வளவு திட்டினாலும் அது இல்லாத பணத்தைச் செலவு செய்யவில்லை. அதை நம்முடைய சபை செய்திருக்கிறது.

போன வருட அறுப்பின் பண்டிகையை நினைத்துப் பார். ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியபோது நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற குமாரதாஸ்தான் வழக்கம்போல ஏலம் கூறினார். காணிக்கையாக வந்த கோழி, பலாப்பழம், பூசணிக்காய் எல்லாம் ஐயாயிரம் பத்தாயிரம் என்று போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த மட்டி வாழைக்குலையை மேஜைமேல் வைத்தார். வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்பதற்காக வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் நாலு போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு போனில் நீ, இன்னொரு போனில் தோஹாவிலிருந்து ஞானசெல்வியின் மகன் ஜிபின். பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் மார்க்குக்கு அடித்துக்கொண்டவர்கள் ஒரு வாழைக்குலைக்கு முன்னால் மறுபடியும் ஆரம்பித்தீர்கள். ஐம்பதாயிரத்தில் நிறுத்தியிருக்கலாம். குமாரதாஸ் விடவில்லை. தோஹாக்காரன் எண்பது, மஸ்கட்டு உறங்கிப் போச்சா, ரசலையன் குடும்பம் பேப்பர்ல மட்டும்தான் எழுதுமா என்று கேட்டார், நீ தொண்ணூறு என்றாய். ஜிபின் ஒரு லட்சத்து முப்பத்துநாலு சொன்ன உடனே நீ முப்பத்தைந்து சொன்னாய், மூன்று தரம் கூறி முடித்துவிட்டார். ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். அதே அளவுக் குலை அன்றைக்கு வடசேரிச் சந்தையில் அறுநூறு ரூபாய். வீட்டுக்குக் கொண்டு வந்து எண்ணினேன், நூற்றுப் பதினெட்டுப் பழம். ஒரு பழம் ஆயிரத்து நூற்று நாற்பத்துநாலு ரூபாய். இரண்டாம் நாளே கறுக்கத் தொடங்கியதால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தோம், வாங்கினவர்களுக்கு விலையைச் சொல்லவில்லை. இதில் என் பங்கையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நான் எழுந்து வந்து அந்தப் போனுக்கு முன்னால் போதும் நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சபையே திரும்பி என்னைப் பார்த்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. குலையை நானே தோளில் வைத்துக்கொண்டு நேர்வழியில் வராமல் கடைத்தெரு சுற்றி வந்தேன்.

ஏலத்தொகையை உடனே கட்டவேண்டாம், அடுத்த பண்டிகைக்குள் கட்டினால் போதும், கட்டாதவர்களின் பெயரைப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். இது நான் சின்னவனாக இருந்த காலத்திலிருந்து இருக்கிற வழக்கம். அந்தக் காலத்தில் ஒரு கோழி பதினைந்து ரூபாய்க்குப் போகும், அறுப்பு முடிந்து நெல் விற்றுக் கட்டுவார்கள், ஒருவர் வாக்கும் கெட்டுப்போனதில்லை. இப்போது நெல்லும் நமக்கு இல்லை, பதினைந்து ரூபாயும் இல்லை. சபைக் கமிட்டி என்ன செய்தது தெரியுமா. ஏலத்தில் கூறினது, வெளிநாட்டிலிருந்து போனில் புது ஆலயக் கோபுரத்துக்குத் தருகிறேன் என்று சொன்னது எல்லாவற்றையும் கூட்டி முப்பத்தொரு லட்சம் வந்தாயிற்று என்று எழுதி, நூற்றுப் பத்தடிக் கோபுரத்துக்கு நாற்பத்திரண்டு லட்சத்துக்கு காண்டிராக்ட் கொடுத்துவிட்டது. உண்மையில் கைக்கு வந்தது பதினொரு லட்சத்து நாற்பதாயிரம். நான் செயலாளர் செல்வதாஸிடம் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இருபதாயிரத்துக்கு மேல் வாக்குக் கொடுத்தவர்கள் முப்பத்தொரு பேர், அதில் இருபத்திரண்டு பேர் வளைகுடாவிலும் கப்பலிலும். அங்கே என்ன நடக்கிறது என்று நம் வீட்டுக்கே தெரியும்போது மற்ற இருபத்தொரு வீட்டுக்குத் தெரியாமலா இருக்கும். ஆனால் ஒருவர் வாயும் திறக்கவில்லை. ஒவ்வொரு வீடும் தன் வீட்டில் மட்டும்தான் சம்பளம் நின்றிருக்கிறது என்று நினைத்து அடுத்த வீட்டுக்கு மறைத்துக்கொண்டிருந்தது. கோபுரம் முப்பத்திரண்டு அடியில் கம்பியை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இதற்கு நடுவில்தான் செல்வதாஸ் உங்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தியை அனுப்பியிருக்கிறார். நாகர்கோவிலில் புதிதாகத் திறந்திருக்கிற ஒரு பைனான்ஸில் நூற்றுக்குப் பதினெட்டு வட்டி, வங்கியில் சும்மா கிடக்கிற பணத்தை எடுத்துச் சபைப் பாக்கியைக் கட்டிவிட்டு மீதியை அதில் போட்டால் வட்டியிலேயே கொஞ்ச வருடத்தில் கட்டினதைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று. அவர் கெட்டவர் இல்லை, அவருடைய ஓய்வுப் பணத்தையே அதில்தான் போட்டிருக்கிறார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீயும் அதை நம்பி ஒன்று முப்பத்தைந்தைச் சபைக்குக் கட்டிவிட்டு மீதி இரண்டு லட்சத்து அறுபத்தைந்தாயிரத்தை அங்கே போடுங்கள் அப்பா, மாதம் நாலாயிரம் வரும் என்று துண்டுச்சீட்டு எழுதி வைத்திருக்கிறாய். மக்களே, இந்த மாவட்டத்தில் இப்படி ஷட்டர் இறங்கின கடைகளுக்கு முன்னால் மூன்று தடவை நின்று செய்தி எடுத்தவன் நான். கடைசித் தடவை சத்துணவு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா ரசீதை பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, சாரே, இது தொறக்க எத்தன மணி ஆவும் என்று கேட்டாள். அந்தக் கடை மூடி அன்றைக்கு ஒன்பது நாள். வங்கி ஏழு தரும்போது ஒருத்தன் பதினெட்டு தருகிறான் என்றால் மீதிப் பதினொன்று எங்கிருந்து வருகிறது என்று கேட்கவேண்டும், பதில் புரியவில்லை என்றால் நமக்குப் புத்தி குறைவு என்று நினைக்கவேண்டாம், பதில் இல்லை என்று நினைத்துக்கொள். எபிசனுக்கு ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை, உன் ஒருத்தி சம்பளத்தில் வாடகையும் கார் தவணையும் போகிறது, எந்த நாளும் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கலாம். உங்களுக்கென்று இந்த ஊரில் இருப்பது அந்த நாலு லட்சம் மட்டும்தான். அதை உடைக்க ஒரு வாழைக்குலையும் ஒரு பைனான்ஸும் போதும் என்று நீ நினைத்தது எனக்கு எவ்வளவு எரிச்சலைத் தந்தது என்று எழுதினால் காகிதம் போதாது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆராதனைக்குப் பிறகு சபைக் கூட்டம். செல்வதாஸ் இரண்டு தீர்மானம் வாசித்தார். வருகிற மாதம் பாக்கிப் பட்டியலைத் தவறாமல் வாசிப்பது என்பது ஒன்று. பிள்ளைகளுக்குப் படிப்புக்குக் கொடுக்க முப்பது வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிற கல்வி நிதி ஆறு லட்சத்தை அந்தப் பைனான்ஸில் போட்டு, வரும் வட்டியில் காண்டிராக்டருக்குக் கொடுப்பது என்பது இன்னொன்று. நான் எழுந்து இரண்டாவது தீர்மானம் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தேன், ஷட்டர் கதையைப் பாதி சொல்லியிருப்பேன், குமாரதாஸ் பின்னாலிருந்து, ஓய் ரசலையன், உமக்க யோசனை எல்லாம் கொள்ளாம், நல்லதுதான், முதல்ல மகளுக்க மட்டிக்குலைப் பைசாவை வாங்கித் தாரும், அது வந்தா கோபுரம் மூணு அடி ஏறும், பிறவு யோசனை சொல்லும் என்றார். சிரித்தார்கள். நானும் உட்கார்ந்திருக்கலாம். எபிசனுக்குச் சம்பளம் நின்றதை ஒருவரிடமும் சொல்லக்கூடாது, முக்கியமாக அவன் அப்பாவின் காதுக்குப் போகக்கூடாது என்று நீ ஏப்ரலில் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டது அந்த நிமிடத்தில் எனக்கு ஞாபகம் இருந்தது, மறந்துவிட்டுப் பேசினேன் என்று சொல்லமாட்டேன். ஞாபகம் இருந்தும் சொன்னேன். என் மருமகனுக்கு ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை, கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், என் மகளுடைய ஏலத்தொகை இந்த வருடம் வராது, அடுத்த வருடம் வரும் என்றும் நான் சொல்லமாட்டேன், பட்டியலை வாசிப்பதென்றால் முதல் பெயராக ரசலையன் மகள் ஜெனிலா என்று வாசித்துக்கொள்ளுங்கள், ஆனால் வராத பணத்தை வந்ததாக எழுதாதீர்கள் என்றேன்.

முதலில் எழுந்தது யார் என்று நினைக்கிறாய். பெண்கள் பக்கத்திலிருந்து ஞானசெல்வி. கையில் குடையும் வேதபுத்தகமும் பிடித்தபடி, எனக்க மவன் ஜிபினுக்கும் வேலை போயி பத்து மாசம் ஆச்சு, ஏலத்தன்னைக்கே அவன் நோட்டீஸ்லதான் நிண்ணான், ஏம்லே பைசா இல்லாம முப்பத்துநாலுவரை கேட்டண்ணு நான் பிறவு கேட்டதுக்கு, அவ எப்படியும் மேல கேப்பாம்மா எண்ணு சொல்லுகான், ரசலையண்ணனுக்க மக மட்டும் அங்கின நிறுத்தியிருந்தா எனக்க வீடு அந்தக் குலையிலதான் தொங்கியிருக்கும், கர்த்தர்தான் அவ வாயைத் திறந்தாரு என்றாள். சபை மொத்தமும் சிரித்தது, போதகர் ஐயா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆக இரண்டு பேரும் மடியில் காசில்லாமல் ஒருத்தரை ஒருத்தர் ஏற்றிவிட்டிருக்கிறீர்கள், அந்த இரண்டு பேருடைய வாய்ப்பேச்சின்மேல்தான் கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறது. அவளுக்குப் பிறகு ஐந்து வீட்டுக்காரர்கள் எழுந்தார்கள். ஒருவருடைய மகன் அபுதாபியிலிருந்து ஜூலையிலேயே வந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறானாம், லீவு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். செல்வதாஸ் அங்கேயே பேனாவை எடுத்து அடித்து அடித்துக் கூட்டிப் பார்த்தார், முப்பத்தொரு லட்சம் பதினேழாகிவிட்டது, அந்தப் பதினேழிலும் இன்னும் கைக்கு வராததில் எனக்கு நம்பிக்கை இல்லை. முடிவில் கோபுரம் முப்பத்திரண்டு அடியோடு நிற்கும், மேலே ஒரு தளம் போட்டு மூடுவார்கள், கல்வி நிதி வங்கியிலேயே இருக்கும், பட்டியலை வாசிப்பதில்லை, முடிந்தவர்கள் முடிந்தபோது கொடுக்கலாம் என்று போதகர் சொல்லி ஜெபித்து முடித்தார். செய்த வேலைக்கு காண்டிராக்டருக்கு இன்னும் ஐந்து லட்சம் கொடுக்கவேண்டும், அவரிடம் தவணை கேட்டுப் பேச மூன்று பேரைப் போட்டிருக்கிறார்கள், செல்வதாஸ், குமாரதாஸ், நான். வாயைத் திறந்ததற்குக் கூலி.

கூட்டம் முடிந்து அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். சானல் பலகையில் என் கையைப் பிடிக்கவில்லை, தனியாகவே தாண்டினாள். வீட்டுக்கு வந்து சோற்றை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டியளா, பிள்ள காலைப் பிடிக்காத குறையா யாருக்கிட்டயும் சொல்லாதப்பாண்ணு சொன்னாளே, பேப்பர்ல போடுகது மாதிரி மருமகனுக்க காரியத்தைச் சபையில போட்டு உடைச்சிட்டு வந்திருக்கியளே, அவனுக்க அப்பன் காதுக்கு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள போவாதா என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. ஒருவரைப் பற்றி எழுதும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எழுதவேண்டும் என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், என் சொந்த மகள் விஷயத்தில் அதைச் செய்யவில்லை. தீர்மானம் நிறைவேறுவதற்கு முன்னால் சொல்லவேண்டியிருந்தது, மஸ்கட்டுக்குப் போன் போட்டு அனுமதி வாங்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உண்மைதான், ஆனாலும் அது உன் ரகசியம், என்னுடையது இல்லை. அதற்காக உன்னிடமும் எபிசனிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சொன்ன விஷயத்துக்காகக் கேட்கவில்லை, கேட்காமல் சொன்னதற்காகத்தான் கேட்கிறேன்.

அடுத்தவர் சொல்லித் தெரியவேண்டாம் என்று திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு வடசேரியிலிருந்து குலசேகரம் பஸ் ஏறி உன் மாமனார் வீட்டுக்குப் போனேன். ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து வைத்திருந்தது ஒன்றுக்கும் உதவவில்லை, முதல் வாக்கியத்திலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியாதுண்ணா நெனச்சீரு, மாசா மாசம் அஞ்சாம் தேதி சீட்டுக்கு அனுப்புகவன் அஞ்சு மாசமா அனுப்பல்ல, கேட்டா சர்வர் சரியில்லைங்கான், ஒரு சர்வர் அஞ்சு மாசமாவா ஓய் படுத்துக் கிடக்கும், அவனே சொல்லட்டும் எண்ணு இருந்தேன் என்றார். பிறகு கட்டன்சாயா கொடுத்தார். மரத்தில் பால் இருக்கு, வெட்ட ஆள் இல்லை, மூன்று மாதமாகப் பாதித் தோட்டம் வெட்டாமல் கிடக்கிறதாம், விலையும் சொல்லும்படி இல்லையாம். வந்தான்னா வெட்டட்டும், எம்.பி.ஏ. படிச்சவன் வெட்டினா பால் வராதுண்ணு மரம் சொல்லாது, பிடிக்கல்லண்ணா வேற வேல தேடட்டும், சோத்துக்கு இங்க பஞ்சமில்லண்ணு உம்ம மகளுக்கிட்ட சொல்லும் என்றார். சொல்லிவிட்டேன். பஸ்சுக்கு வந்து விடும்போது மட்டும், நான் ஏசுவேன்னு பயந்தா சொல்லாம இருந்தான் என்று கேட்டார். அது எபிசன் சொல்லவேண்டிய பதில்.

படிவத்தை நான் கிழிக்கவில்லை, உன் கையெழுத்து உள்ள தாள், இந்தக் கவரிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். ஊருக்கு வருவது என்று நீங்கள் முடிவு செய்கிற அன்றைக்கு, வந்து இறங்கிக் கால் ஊன்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் மறு கேள்வி கேட்காமல் போடுகிறேன். வேறு எதற்கும் போடமாட்டேன், அம்மா எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் சரி. காரைக் கொடுத்துவிட முடியுமா என்று பாருங்கள், ஆஸ்பத்திரி பஸ் உன் கட்டிட வாசலுக்கே வருகிறது என்று பிந்து சொன்னாள். எபிசனுக்குக் கம்பெனி கணக்கு முடிக்கிற தாள் கொடுத்தால், அரபியில் இருப்பதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடவேண்டாம். எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்கிவிட்டால் அந்த ஐந்து மாதச் சம்பளமும் சர்வீஸ் பணமும் பிறகு கிடைப்பது கஷ்டம் என்று திரும்பி வந்த இரண்டு பேர் இங்கே சொல்கிறார்கள். அம்மா புளிமிளகாய்த்தூளும் நேந்திரங்காய் வற்றலும் பிந்துவிடம் கொடுத்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் சொல்லாமல்தான் கட்டினாள், இப்போது இந்தப் பக்கமாக வந்து எத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறாள், இளகிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, கையில் இருக்கிற கொஞ்சத்தைக் குறையாமல் நடத்துவாராக. மறக்கவேண்டாம், சனிக்கிழமை நம் நேரம் ராத்திரி எட்டு மணிக்கு எபிசன் கூப்பிடுவான் என்று அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இதையும் உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். அவர் எட்டு மணிக்கு முன்னாலேயே போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வார். எபிசன் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், கூப்பிட்டால் போதும்.

என்றும் உங்களுக்காக ஜெபிக்கிற
அப்பா,
ரசலையன்